சுக்கானில் வைத்த கை

— இல்ல சிந்த்ரி, கழியால எவ்வளவு குத்தினாலும் அது வராது. நான் குனிஞ்சு பாத்துட்டுத்தான் வரேன். பழைய வலைக்கயிறு, ப்ரொப்பல்லரை நல்லா கட்டிப் பிடிச்சிருக்கு.

— பாத்துக்கலாம், எய்ரூன்.

— எதைப் பாக்கறது? இந்தப் பனியில படகோட மூக்கே தெரியல. கீழ உக்காந்திருக்கறவங்க அத்தனை பேரும் திமிங்கலம் பாக்க வந்தவங்க. இப்ப பக்கத்துல இருக்கற புருஷன் மூஞ்சியையே தேடிக்கிட்டு இருக்காங்க. ரேடியோவுல சொன்னியா இல்லையா?

— இதோ சொல்றேன். அந்த மைக்கை எடு. தோரா, தோரா, ஹாஃப்தீஸ் படகுல இருந்து சிந்த்ரி பேசறேன். கேக்குதா?

— கேக்குதுடா. விரிகுடா முழுக்கக் கேக்குது. என்ன ஆச்சு?

— ப்ரொப்பல்லர்ல கயிறு சுத்திக்கிச்சு. எஞ்சினை அணைச்சுட்டேன். ஆபத்து ஒண்ணும் இல்ல. கட்டி இழுக்க ஒரு படகு வேணும்.

— வரேன். ஆனா இந்தப் பனியில மெதுவாத்தான் வருவேன், இப்பவே சொல்லிட்டேன். நீ அப்பப்ப கொம்பை ஊது. பயணிங்களுக்கு வயித்துக்கு ஏதாவது குடு, அப்பத்தான் கத்த மாட்டாங்க.

— சரி. அப்பாவுக்கு ஒரு வார்த்தை…

— அவருக்கு நான் வேற சொல்லணுமா? இந்நேரம் வீட்டு ரேடியோகிட்ட காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருப்பார். வெச்சுடறேன்.

— கேட்டியா எய்ரூன்? வந்துருவா. பாத்துக்கலாம்னு சொன்னேன்ல.

— சொன்ன. கொஞ்சம் நகரு, இந்த பன் டப்பா கையை முறிக்குது. எங்க வைக்கட்டும்?

— ரேடியோ தட்டு மேல வையேன்.

— அங்க உன் ஈரத் தொப்பி கிடக்கு, மைக் கிடக்கு, என்னென்னமோ கிடக்கு.

— எல்லாத்துக்கும் மேலயே வை. கனமா இருந்தா ஆட்டத்துல விழாது.

— வெச்சாச்சு. முதல்ல கோகோ ஊத்திக் குடுத்துட்டு வரேன். பன்னை அப்புறம் குடுக்கலாம். தோரா வர நேரமானா அது ஒண்ணுதான் நம்ம கையில இருக்கற ஆயுதம்.

— எய்ரூன், கதவைச் சாத்திட்டுப் போ. குளிருது.

— …

— வந்துட்டியா? என்ன சொல்றாங்க கீழ?

— அந்த ஜெர்மன்காரம்மா, திமிங்கலம் தெரியலன்னா இன்னொரு தடவை இலவசமா கூட்டிட்டுப் போவீங்களான்னு கேட்டாங்க. போவோம்மா, அதுதான் இந்த ஊர் வழக்கம், அந்தச் சீட்டுக்குக் காலாவதியே கிடையாதுன்னேன். அப்ப எனக்குத் திமிங்கலமே வேண்டாம், அடுத்த வருஷமும் வரேன், அந்த பன் மட்டும் இருக்கட்டும்கறாங்க. போன தடவை வந்தப்ப தின்னதாம். இந்தா, உனக்கும் கோகோ.

— வேண்டாம். கிட்ட கொண்டு வராத.

— திரும்பு, மூஞ்சியைப் பாப்போம். ஐயோ, பச்சையா இருக்கே. மாத்திரை போட்டியா?

— காலையில ஒண்ணு. அப்புறம் இன்னொண்ணு.

— எஞ்சின் நின்னாலே உனக்கு இப்படித்தான். இரு, வாளி எடுக்கறேன்.

— வாளியெல்லாம் எதுக்கு, நான் நல்லாத்தான்…

— குனி. நல்லா குனி. முதுகைத் தடவி விடறேன். விடு, எல்லாம் வரட்டும். கேப்டன் ஐயாவை இப்படியே ஒரு படம் பிடிச்சு டிக்கெட் கவுண்டர்ல மாட்டணும்.

— சிரிக்காத.

— சிரிக்கல. மாத்திரை எங்க? டிராயர்லயா?

— ம். வரைபடத்துக்கு அடியில.

— இதுல இன்னொரு டப்பாவும் இருக்கே. துருப்பிடிச்சுக் கிடக்கு. மேல எழுத்தே தேஞ்சு போச்சு.

— அது நான் சின்னப் பையனா இருந்தப்பவே அங்கதான் கிடந்துச்சு. டூரிஸ்ட்டுக்கு வாங்கி வெச்சதுன்னு அப்பா சொல்வார். அதைத் தொடாத, புதுசை எடு.

— இந்தா. தண்ணி குடி. தலையைச் சாய்ச்சுக்கோ.

— கொம்பு ஊதணும்.

— நான் ஊதறேன். காதைப் பொத்திக்கோ.

— …

— பதிலுக்கு ஒண்ணும் கேக்கலையே. ரேடியோ கூட கம்முனு இருக்கு. வழக்கமா இந்த நேரத்துல தோரா ஒரு பக்கம், எண்ணெய் விலை ஒரு பக்கம், யாரோ வீட்டுப் பூனை காணாமப் போன கதை ஒரு பக்கம்னு வாயே ஓயாதே.

— பழைய ரேடியோ. அப்பா மாத்த விட மாட்டேங்கறார். ஈரத்துல செத்துருக்கும். தோரா வர்றான்னு தெரியும்ல, போதும்.

— அப்ப இந்த உலகத்துல இப்ப நீயும் நானும்தான்.

— கீழ ஒரு படகு நிறைய ஆளுங்க இருக்காங்க.

— அவங்களுக்கு நம்ம பாஷை தெரியாது. சிந்த்ரி, நீ இப்ப எங்கயும் போக முடியாது. வெளியில பனி, கீழ தண்ணி, மடியில வாளி. இதை விட்டா எனக்கு வேற நேரம் கிடைக்காது.

— என்ன, பயமுறுத்தற?

— நேத்து தெற்கேயிருந்து பள்ளிக்கூடத்து ஆளுங்க போன் பண்ணாங்க. அந்த வாத்தியார் வேலைக்கு நான் சரின்னு சொல்லிட்டேன்.

— சரின்னா?

— சரின்னா சரிதான். திங்கக்கிழமை பள்ளிக்கூடம் தொறக்குது. வியாழக்கிழமை பஸ்ல போறேன்.

— இந்த வியாழக்கிழமையா? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமயா?

— கேட்டேனே. கிறிஸ்மஸுக்குக் கேட்டேன். அப்பாகிட்ட பேசறேன், பாத்துக்கலாம்னு சொன்ன. தை மாசக் குளிர்ல சுறாக்கறி விருந்து நடந்துதே, அன்னிக்குக் கேட்டேன். இன்னும் ரெண்டு கிளாஸ் உள்ள போனா தைரியம் வரும்னு சொன்ன. கிளாஸ் போச்சு, தைரியம் வரல. மேஜை மேல ஏறி மீனவர் பாட்டு பாடின.

— அன்னிக்கு எல்லாரும்தானே பாடினாங்க.

— கடலோடிகள் தினத்தன்னிக்கும் கேட்டேன். இன்னிக்குக் கண்டிப்பா சொல்லிடறேன்னு கையில அடிச்சு சத்தியம் பண்ண. அன்னிக்கு ராத்திரி என்ன பண்ண? அவர்கூட உக்காந்து படகுக்கு எந்தப் பச்சை பெயிண்ட் அடிக்கலாம்னு பேசிக்கிட்டு இருந்த.

— அவர் கேட்டார்…

— அவர் எதைக் கேட்டாலும் நீ பதில் சொல்ற. நான் எதைக் கேட்டாலும் பாத்துக்கலாங்கற.

— எய்ரூன், நான் எப்படிம்மா வருவேன்? இந்தப் படகை யார் ஓட்டுவாங்க? அவருக்கு இடுப்பு போயிடுச்சு. அம்மா போனதுல இருந்து அந்த ஜன்னலும் இந்தப் படகும்தான் அவருக்கு. காலையில நான் துறைமுகத்தை விட்டுக் கிளம்பறதைப் பாத்துட்டுத்தான் ரொட்டியிலயே கை வைக்கறார்.

— தெரியும். நானும் அதே வீட்டுலதான் இருக்கேன். தினமும் அவர் கோட்டை எடுத்து மாட்டறதே நான்தான்.

— அப்ப புரியும்ல.

— புரியுது சிந்த்ரி. அதுதான் தொல்லையே. அவர் கெட்டவரா இருந்திருந்தா என்னிக்கோ சண்டை போட்டு உன்னைக் கூட்டிட்டுப் போயிருப்பேன். ஒரு நல்ல மனுஷன் ஜன்னல்ல உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கார், அந்தப் பார்வைக்குள்ளயே நாம ரெண்டு பேரும் சுத்திச் சுத்தி வரோம். இந்த விரிகுடாவுக்கு வெளிய போற வாய் எனக்குத் தெரியல.

— நீ பறவை எண்ண வந்தவதானே. ஒரு கோடைக்குத்தான் இருக்கப் போறேன்னு சொன்ன.

— சொன்னேன். எண்ணிட்டுப் போகாம உன்னைப் பாத்துட்டு நின்னேன். என் புத்தி. பஃபின் பறவையைப் பாத்திருக்கல்ல? ஆகஸ்ட் பாதி வரைக்கும் பாறை பூரா கூத்தடிக்கும். ஒரு நாள் காலையில போய்ப் பாத்தா ஒண்ணு கூட இருக்காது. யார்கிட்டயும் சொல்லிட்டுப் போறதில்ல. நானும் அப்படிப் போயிருக்கலாம். உனக்குச் சொல்லிட்டாவது போறேனேன்னு சந்தோஷப்படு.

— அப்படியெல்லாம் பேசாத.

— பின்ன எப்படிப் பேசறது? தெற்கே எங்க அக்கா வீட்டுக்குக் கீழ அந்த பேக்கரிக் கிழவர் இன்னும் ஆள் தேடிக்கிட்டுத்தான் இருக்கார். கை நடுங்குதாம், மாவு பிசைய முடியலையாம். உன் பன்னைத் தின்னுட்டு என்ன சொன்னார், ஞாபகம் இருக்கா?

— ஏலக்காய் கொஞ்சம் கம்மின்னார்.

— அதுக்கு முன்னாடி?

— இந்தக் கையை வெச்சுக்கிட்டு படகு ஓட்டறியா, பாவம்னார்.

— ஆ. அது ஞாபகம் இருக்குல்ல.

— ஷ்ஷ்.

— என்ன?

— பேசாத. கேளு. அந்தப் பக்கம்.

— …மூச்சு. பெரிய மூச்சு. கூனன் திமிங்கலம்தான். சிந்த்ரி, கிட்டத்துல இருக்கு.

— எஞ்சின் ஓடினவரைக்கும் ஒண்ணும் தலை காட்டல. நின்னதும் வருது பாரு.

— நான் வெளிய போறேன். எல்லாரும் இடது பக்கம் வாங்க, ஒன்பது மணிப் பக்கம். மெதுவா. ஓடாதீங்க, கத்தாதீங்க. அது நம்மளைப் பாக்க வந்திருக்கு. கையை வெளிய நீட்டாதீங்கம்மா. இதோ, இதோ, கண்ணைப் பாருங்க. தண்ணிக்கு அடியில, கறுப்பா, உங்களையே பாக்குது.

— எய்ரூன், யாரு அது? வாலைப் பாத்தியா?

— வெள்ளைவாலுதான். ஓரத்துல அந்த வெட்டு இருக்கு. நம்ம கிழவி.

— அவளா. அவ மூச்சு… ஐயோ. அழுகின முட்டைக்கோசு. எங்க அந்த வாளி?

— கால்ல இருக்கு பாரு. பாவம், திமிங்கலத்துக்கு மட்டும் தெரிஞ்சா வருத்தப்படும்.

— …

— போயிட்டா. படகைச் சுத்தி ஒரு முழு வட்டம் வந்துட்டு, அடியில புகுந்து போயிட்டா. கீழ அந்த ஜெர்மன்காரம்மா அழறாங்க. இலவசச் சீட்டு போச்சேன்னு இல்ல. அதோட கண்ணைப் பாத்துட்டாங்களாம்.

— உன் கண்ணு ஏன் ஈரமா இருக்கு?

— பனி.

— எய்ரூன்.

— சிந்த்ரி, உங்க வீட்டுக் கூடத்துல ஒரு படம் மாட்டியிருக்கே. நீ கைக்குழந்தை. உங்கப்பா உன்னைத் தூக்கிப் பிடிச்சு, உன் உள்ளங்கையை இந்தச் சுக்கான் சக்கரத்துல வெச்சு அழுத்திக்கிட்டு இருக்கார்.

— பேர் வைக்கற அன்னிக்கு எடுத்தது. எங்க வீட்டு வழக்கம். தாத்தா அப்பாவுக்கு வெச்சார், அப்பா எனக்கு வெச்சார். “பிடிச்ச கை விடக் கூடாது”ன்னு சொல்லி அழுத்துவாங்க.

— அந்தப் படத்துல நீ அழுதுக்கிட்டு இருக்க.

— எல்லாக் குழந்தையும் அழும்.

— அதுக்குப் பக்கத்துல செவுத்துல ஒரு ஆணி சும்மா இருக்கு. போன மாசம் உங்கப்பா அடிச்சார். எதுக்கு பெர்கூர் இதுன்னு கேட்டேன். அடுத்த படத்துக்குன்னார். சிரிச்சுட்டுப் போயிட்டார்.

— அது அவர் சும்மா ஆசைக்கு…

— அந்த ஆணிக்கு ஆள் வந்தாச்சு, சிந்த்ரி.

— நீ… நிஜமாவா? எப்ப?

— பனிக்காலம் முடியறப்ப. போன வாரம்தான் உறுதியாச்சு. இன்னும் யாருக்கும் தெரியாது.

— எய்ரூன். இங்க வா. கிட்ட வா. வாளியைத் தள்ளு.

— முதல்ல வாயைத் துடை. ம். இப்ப கேளு. எனக்கு உன்கூட வாழணும். உங்கப்பாவையும் எனக்குப் பிடிக்கும். ஆனா என் குழந்தையோட கையை இந்தச் சக்கரத்துல வெச்சு யாரும் அழுத்த நான் பாத்துக்கிட்டு நிக்க மாட்டேன். அப்புறம் அதுக்கும் முப்பது வயசுல ஒரு வாளி, ஒரு டிராயர் நிறைய மாத்திரை. அது பொண்டாட்டிகிட்ட பாத்துக்கலாம்னு சொல்லும். அதனாலதான் சரின்னு சொன்னேன். நீ வரலன்னாலும் நான் போறேன்.

— நான் வரேன்.

— வாய் சொல்லுது.

— இன்னிக்குச் சாயங்காலம் அப்பாகிட்ட சொல்றேன்.

— கால் சொல்லலையே. வாசல்படியிலயே நின்னுருமே அது. சரி, எந்திரி. ஒத்திகை பாப்போம். நான்தான் உங்கப்பா.

— என்ன விளையாட்டு இது?

— தோரா வர்ற வரைக்கும் உனக்கு வேற வேலை இருக்கா? இதோ, ஜன்னலோரம் உக்காந்தாச்சு. இடுப்புக்கு ஒரு தலைகாணி. கையில காபி. க்கும். க்க்கும். “என்னடா, காத்து எந்தப் பக்கம்?”

— அவர் அப்படி இருமறதில்ல.

— அப்படித்தான் இருமறார், உனக்குப் பழகிப் போச்சு. பதில் சொல்லு. “காத்து எந்தப் பக்கம்?”

— வடகிழக்கு, அப்பா.

— “ம். இன்னிக்கு என்ன பாத்த?”

— ஒரு கூனன். நம்ம வெள்ளைவாலுதான்.

— “ம். அவளுக்கு வயசாச்சு.” பாத்தியா, நழுவிட்ட. தினமும் இதுதான் நடக்குது. அவர் காத்தைக் கேக்கறார், நீ காத்தைச் சொல்ற. அவர் திமிங்கலத்தைக் கேக்கறார், நீ திமிங்கலத்தைச் சொல்ற. அப்புறம் ரெண்டு பேரும் மீன் சூப் குடிச்சுட்டுத் தூங்கப் போறீங்க. மறுபடியும் ஆரம்பி. “என்னடா, காத்து எந்தப் பக்கம்?”

— காத்து இருக்கட்டும்ப்பா. உங்ககிட்ட ஒண்ணு பேசணும்.

— “பேசு.”

— நான்… எனக்கு… எய்ரூன், முடியல.

— நான் எய்ரூன் இல்ல. “பேசுடா. காபி ஆறுது.”

— அப்பா, எனக்குக் கடல் ஒத்துக்கல. பயம்னு நினைச்சுக்காதீங்க. பயம் இல்ல. கரையை விட்டு விலகினதும் குடல் மேல ஏறுது. முதல் நாள்ல இருந்தே அப்படித்தான். பழகிரும்னு நினைச்சேன். பழகல. பயணிங்களுக்குத் திமிங்கலத்தைக் காட்டிட்டு, எல்லாரும் அந்தப் பக்கம் பாக்கறப்ப நான் இந்தப் பக்கம் வாந்தி எடுக்கறேன்.

— “ம்.”

— நீங்க எனக்குச் சக்கரத்தைக் குடுத்தீங்களே, துறைமுகத்துல எல்லாரும் கை தட்டினாங்களே, அன்னிக்கே சொல்லியிருக்கணும். திரும்பிப் பாத்தேன். நீங்க கரையில நின்னு கைக்குட்டையால கண்ணைத் துடைச்சீங்க. அம்மாவைப் புதைச்ச அன்னிக்குக் கூட நீங்க அழுது நான் பாக்கல. இந்த மனுஷனுக்கு மிச்சம் இருக்கற சந்தோஷம் நான் இங்க நிக்கறதுதான்னு அப்ப நினைச்சேன். அதுக்கப்புறம் எப்படி இறங்கறதுன்னு எனக்குத் தெரியலப்பா.

— “சொல்லு. நான் எங்கயும் போகல.”

— காலையில வீடு பூரா மணக்குதே, அந்த பன்னை எய்ரூன் சுடல. நான்தான் சுடறேன். “உன் பொண்டாட்டி கைக்குத் தங்கத்துல காப்பு போடணும்டா”ன்னு ஒவ்வொரு தடவையும் சொல்வீங்க. நானும் ஆமாம்ப்பான்னு தலையாட்டுவேன். படகுக்காரன் மவன் மாவு பிசையறான்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. கையில மாவு ஒட்டற அந்தக் கொஞ்ச நேரம்தான்ப்பா எனக்கு நாள். மிச்ச நேரமெல்லாம் கரை எப்ப வரும்னு பாத்துக்கிட்டு இருக்கறதுதான்.

— “ம். அப்புறம்?”

— எய்ரூனுக்குக் குழந்தை பொறக்கப் போகுது.

— “அப்படியா.”

— அதோட கையை இந்தச் சக்கரத்துல வைக்காதீங்கப்பா. உங்களை நான் எதுத்துப் பேசினதே இல்ல. ஆனா வெச்சீங்கன்னா, நான் அந்தக் கையைப் பிடிச்சு எடுத்துருவேன். வழக்கத்தை மீறினான்னு நீங்க எதையாவது தூக்கி எறிஞ்சாலும் சரி. நாங்க வியாழக்கிழமை போறோம். நீங்களும் வாங்க. வரலன்னா, வாராவாரம் நான் வரேன். பன் சுட்டு எடுத்துக்கிட்டு வரேன். ஆனா நான் போயே ஆகணும்ப்பா. அவ்வளவுதான். எய்ரூன், அப்பா என்ன சொல்றார்?

— உங்கப்பாவா? இரு. மூக்கைத் துடைச்சுக்கறார்.

— இந்தா, கைக்குட்டை.

— குடு. வாந்தி எடுக்காம இவ்வளவு நேரம் பேசினியே, கவனிச்சியா?

— நிஜமாவே. வயித்துல ஒண்ணும் தோணலையே.

— இதை அப்படியே சொல்லுவியா? ஒரு வார்த்தை குறையாம?

— சொல்லுவேன்.

— பாத்துக்கலாம்னு சொல்ல மாட்டியே?

— சொல்ல மாட்டேன். ஆனா வீட்டுக்குப் போய் அவர் முகத்தைப் பாத்ததும் எல்லாம் வயித்துக்குள்ள ஓடிருமோன்னு இருக்கு. இங்க பனிக்குப் பேசறது சுலபம்.

— அதுதான் எனக்கும் பயம். இன்னிக்கு நீ சொல்லலன்னா, சிந்த்ரி, நான் உன்னை மறுபடியும் கேக்க மாட்டேன். தெரிஞ்சுக்கோ.

— தெரியுது. கொம்பை ஊது.

— ஊதறேன்… ஏய், கேட்டியா? பதில் வருது. தோராவோட கொம்புதான்.

— அந்தப் பக்கம். படகு மூக்குக்கு நேரா, பன்னிரண்டு மணிப் பக்கம் வரா. வந்ததும் ஆரம்பிப்பா பாரு. போன தடவை அவ படகை நான் இழுத்துட்டு வந்ததுக்கு இன்னிக்குப் பழி வாங்குவா. ஊர் பூரா சொல்லிட்டுத் திரிவா.

— சொல்லட்டும். கீழ எல்லாரும் கத்தறாங்க. பன் எங்க, பன் எங்கன்னு. டப்பாவை எடுக்கறேன், நீ அந்தத் தொப்பியை…

— …அப்பாடா. எடுத்துட்டாங்கப்பா. டப்பாவை எடுத்துட்டாங்க.

— யாரது? தோராவா?

— ரேடியோ, சிந்த்ரி. ரேடியோ பேசுது.

— ஏன் பேசாது? இவ்வளவு நேரமா நீங்கதானே பேசிக்கிட்டு இருந்தீங்க. ஒருத்தர் மைக்கை அமுக்கிப் பிடிச்சா மத்தவங்க வாயைத் திறக்க முடியாதுன்னு தெரியாதாடா உனக்கு? டப்பா உக்காந்ததுமே ‘வெச்சாச்சு’ன்னு எய்ரூன் குரல் கேட்டுச்சு, அப்பவே நான் தலையில அடிச்சுக்கிட்டேன். கத்திக் கத்திப் பாத்தேன், உனக்கு எப்படிக் கேக்கும்?

— தோரா… எதுல இருந்து கேட்டீங்க?

— வாளிக்கும் முன்னாடி இருந்தே. எய்ரூன் கண்ணு, உடம்பைப் பாத்துக்கோ. ஏலக்காய் வாசனை ஆகலன்னா சொல்லு, அவன் வேற சுட்டுத் தருவான். நான் பக்கத்துல வந்துட்டேன், கயிறு வீசறேன். அதுக்கு முன்னாடி இந்தச் சேனலை விட்டு எல்லாரும் கொஞ்சம் விலகுங்க. பெர்கூர் வீட்டுல இருந்து பேசணுமாம், போன்ல சொன்னார்.

— எய்ரூன், மைக்கை நீ பிடி. என்னால முடியாது.

— முடியும். இந்தா. அமுக்கு.

— அப்பா.

— ம்.

— எல்லாம் கேட்டுதா?

— ரெண்டு தடவை காபி ஆறிப் போச்சு.

— அப்பா, நான் இன்னிக்குச் சாயங்காலம் நேர்ல…

— நேர்ல சொல்லியிருக்க மாட்ட. காத்து வடகிழக்குன்னு சொல்லியிருப்ப. எய்ரூன் பக்கத்துல இருக்காளா?

— இருக்கேன், பெர்கூர்.

— நான் அப்படியாம்மா இருமறேன்?

— கொஞ்சம் அப்படித்தான்.

— ம். அந்த ஆணியைப் பிடுங்கிட்டேன். இப்பத்தான். செவுத்துல கொஞ்சம் காரை பேந்துருச்சு, வந்து பாத்து என்னைத் திட்டாத. டேய் சிந்த்ரி, இந்தப் படகை விலைக்குக் கேட்டு ஒரு ஆள் எத்தனையோ தடவை வந்துட்டான். என் பையன் உசுரே அதுலதான் இருக்கு, போய்யான்னு ஒவ்வொரு தடவையும் விரட்டினேன்.

— என்கிட்ட நீங்க சொல்லவே இல்லையேப்பா.

— நீ சொன்னியா? வியாழக்கிழமை பஸ்ஸெல்லாம் வேண்டாம். அது ஊர் ஊரா நின்னு போகும், புள்ளத்தாச்சிக்கு ஆகாது. இடுப்புக்கு ஒரு தலைகாணி வெச்சுக்கிட்டு நானே கார்ல கொண்டு வந்து விடறேன். தரையில எனக்கு ஒரு தொல்லையும் கிடையாது.

— தரையிலன்னா? என்னப்பா சொல்றீங்க?

— டிராயர்ல ஒரு துருப்பிடிச்ச டப்பா இருக்குல்ல, எய்ரூன் கூட கேட்டாளே. டூரிஸ்ட் யாருடா வந்தான் அந்தக் காலத்துல? அது என்னோட மாத்திரை. எங்கப்பாகிட்ட சொல்ல வாய் வராம, உன் கையில குடுக்கற வரைக்கும் அதை முழுங்கிக்கிட்டு அந்தச் சக்கரத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். எனக்கு பன் சுடத் தெரியாதே, மைக் மேல வைக்க ஒரு டப்பா இல்லாமப் போச்சு.